ஃபுல்டன் தெரு வெர்ன்

போர்ட் கார்வரில் ஃபுல்டன் தெரு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்குக்கூட ஃபுல்டன் தெரு வெர்னைத் தெரியும். ஆளைப் பார்த்திருக்க மாட்டார்கள், குரலைக் கேட்டிருப்பார்கள். பகல் இரண்டு மணிக்கு விளையாட்டு வானொலியில் நேயர்களோடு பேசும் பட் கிராண்டால் கடையைத் திறந்தால், முதல் பத்து அழைப்புக்குள் அந்தக் கரகரத்த குரல் வந்துவிடும்.

"ஃபுல்டன் தெரு வெர்ன் பேசறேன், பட்."

"வெர்ன், முதல்ல உங்க வீட்டு ரேடியோவைக் குறைங்க."

யாராவது வாய் தவறிக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டால் வெட்டி எறிய வேண்டும் என்று நிலையத்தார் எல்லாவற்றையும் ஏழு வினாடி பிந்தித்தான் காற்றில் விடுவார்கள். வெர்ன் ஹ்ருஷ்காவின் சமையலறையில் ரேடியோ எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும். அவர் சுவரோரம் நின்று தொலைபேசியில் சொன்னதை ஏழு வினாடி கழித்து ரேடியோ அவரிடமே ஒப்பிக்கும். அவர் குழம்பிப்போய் நிறுத்துவார். மனைவி பாலெட் கையில் இருக்கும் கரண்டியோடு போய்க் குமிழைத் திருகுவாள். இருபது வருடமாக நடக்கும் கூத்து இது. ஒரு நாளாவது தானாகக் குறைத்துவிட்டுப் பேச உட்காரலாமே என்று பாலெட் கேட்டதில்லை. கேட்டுப் பயனில்லாத கேள்விகளின் பட்டியல் அவளிடம் ஏற்கெனவே நீளமாக இருந்தது.

நகரப் பேருந்துப் பணிமனையில் முப்பத்துநாலு வருடம் பிரேக் பார்த்தவர் வெர்ன். ஓய்வு பெற்ற பிறகு பழுது பார்க்க அவருக்குக் கிடைத்த ஒரே வண்டி ஸ்டீமர்ஸ் பேஸ்பால் அணி. அந்த அணி கடைசியாகக் கோப்பையைத் தொட்டபோது வெர்னுக்குத் தலையில் முடி இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அவர் நம்பினார். ஆட்டம் இல்லாத ஐந்து மாதங்களில்தான் அணிகள் ஆளை ஆளோடு மாற்றிக்கொள்ளும், கழித்துக்கட்டும், புதிதாகச் சேர்க்கும். ஆட்டம் நடக்கும் மாதங்களில் வெர்னுக்கு வயிற்றெரிச்சல். நடக்காத மாதங்களில் கனவு. இரண்டில் எது உடம்புக்குக் கெடுதல் என்று மருத்துவருக்கே சொல்லத் தெரியவில்லை.

இந்த வருடம் கனவுக்கு ஒரு பெயரும் எரிச்சலுக்கு ஒரு பெயரும் இருந்தன. டூசான் ஸ்கார்ப்பியன்ஸ் அணியில் இருந்த க்ளே வாடெல் கனவு. முதல் பேஸில் நிற்பவன், இடது கை மட்டையாளன், கதவு மாதிரித் தோள். எரிச்சலின் பெயர் நகாஜோ. ஜப்பானிலிருந்து வந்த இடது கைப் பந்துவீச்சாளர், ஸ்டீமர்ஸில் ஐந்தாவது வருடம். முதல் நான்கு வருடம் நகரம் அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடியது. ஐந்தாம் வருடக் கோடையில் அவர் போட்ட பந்தையெல்லாம் எதிரணிகள் மதில் தாண்டி அடித்தன.

ஜூன் மாதத்திலேயே வெர்ன் தீர்ப்பு எழுதிவிட்டார். "அவரைப் படகுல ஏத்துங்க, பட். துடுப்புகூட குடுக்க வேணாம்."

நிலையத்தாருக்கு அது பிடித்துப்போயிற்று. கப்பல் சங்கு ஒலியையும் சேர்த்து ஒரு துணுக்காக ஆக்கி, நகாஜோ அடி வாங்கிய ஒவ்வொரு மறுநாளும் போட்டார்கள். கோடை முழுக்க நகரத்துக் கார்களில் எல்லாம் வெர்ன் துடுப்பு கொடுக்க மறுத்துக்கொண்டிருந்தார்.

படகு என்றது சும்மா இல்லை. பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம் முடிந்ததும், மைதானத்துக்குப் பின்னால் ஆறு ஏரியில் விழும் இடத்துக்கு ஜனம் நடந்து போகும். அவரவர் கையில் ஒரு காகிதப் படகு. அதில் அடுத்த வருடம் முகத்தில் முழிக்க விரும்பாத ஆட்டக்காரரின் பெயர். தண்ணீரில் விட்டுவிட்டு, கைதட்டிவிட்டு, பீர் குடிக்கப் போய்விடுவார்கள். இதைத் தொடங்கி வைத்ததே தான்தான் என்பார் வெர்ன். பக்கத்து வீட்டு ஓட்டிஸ், ஓய்வு பெற்ற தபால்காரர், "அன்னிக்கு நீ குடிச்சுட்டுத் தொப்பியைத் தண்ணில விட்டே. படகு விட்டது நானு" என்பார். எப்படியோ, ஃபுல்டன் தெருவுக்கு வேண்டிய படகுகளை வருடா வருடம் மடித்துக் கொடுப்பவர் வெர்ன்தான். ஆட்டக்கணக்கு எழுதிய தாளில் செய்வார். கூர்மூக்கும் நிமிர்ந்த பாயுமாக, ஏரி வரைக்கும் கவிழாமல் போகும்.

அந்த அக்டோபரில் அவர் மடித்த படகு நாற்பது. முப்பத்தாறில் நகாஜோ.

நாற்பதில் ஒன்றை அவர் தன் பேத்தி கையில் கொடுத்தார். நவோமிக்கு மூன்று வயது. குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கவனமாகத் தண்ணீரில் வைத்தாள். பிறகு எழுத்தைக் காட்டி அம்மாவிடம், "இதுல என்ன போட்ருக்கு?" என்று கேட்டாள்.

வெர்னின் மகள் மார்லா அப்பாவைப் பார்த்தாள். "நகாஜோன்னு போட்ருக்குடா."

"நகாஜோ மாமாவா? மாமா படகுல போறாரா?"

"ஆமா."

"எங்க?"

மார்லாவின் கணவன் ரியோ, எப்போதும் போலப் பணிவாகச் சிரித்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். ரியோ, அதாவது ரியோஹெய் எண்டோ, நகாஜோவின் மொழிபெயர்ப்பாளன். நகாஜோவோடு விமானத்தில் வந்து இறங்கியவன். வந்த முதல் மாதமே பல்வலி. பல் மருத்துவமனையில் அவன் பல்லைச் சுத்தம் செய்தவள் மார்லா. வாயைத் திறந்து வைத்துக்கொண்டே காதலித்த ஒரே மனிதன் என்று தெருவில் அவனைச் சொல்வார்கள். இருவரும் வெர்ன் வீட்டிலிருந்து எட்டு வீடு தள்ளிக் குடியிருந்தார்கள். மார்லா வேலைக்குப் போகும் நாட்களில் காலை ஏழரைக்கு நவோமி தாத்தா வீட்டுப் படியேறிவிடுவாள். ஓட்ஸ் கஞ்சியில் எத்தனை திராட்சை போட வேண்டும் என்பதில் தொடங்கி மாலை வரை இருவருக்கும் வழக்கு.

அன்று ஆற்றோரம் நின்ற அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்திருந்தது. தாத்தா தவிர.

நவம்பர் நடுவில் செய்தி கசிந்தது. ஸ்டீமர்ஸ் நகாஜோவைக் கொடுத்து வாடெலைக் கேட்கிறதாம். டூசானும் சரி என்கிறதாம். வெர்ன் அன்று ஸ்டெல்லாவின் மதுக்கடைக்குள் நுழைந்த விதத்தைப் பார்த்தவர்கள், பேரம் பேசி முடித்ததே இவர்தானோ என்று நினைத்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தார். வெர்ன் வாங்கிக் கொடுப்பதும் ஸ்டீமர்ஸ் ஜெயிப்பதும் ஏறக்குறைய ஒரே கணக்கில் நடப்பவை என்பதால், கடையில் கொஞ்ச நேரம் யாரும் குவளையைத் தொடவில்லை.

"வாடெல் நாலாவதா ஆடணும். அவனுக்கு முன்னாடி வேகமா ஓடறவன் ஒருத்தன். வர்ற அக்டோபர்ல படகே விட வேணாம், ஓட்டிஸ். ஊர்வலம்தான்."

ஓட்டிஸ் வேர்க்கடலையை உரித்தபடி கேட்டார். "ஏம்ப்பா, உன் மாப்ளை யாருக்கு மொழிபெயர்க்கறான்?"

"என்ன கேள்வி இது. நகாஜோவுக்கு."

"நகாஜோ எங்க போறாரு?"

"டூசானுக்கு."

ஓட்டிஸ் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு மென்றார். ஸ்டெல்லா துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"அவன் கிளப் ஆளு," என்றார் வெர்ன். "கிளப்தானே சம்பளம் குடுக்குது."

"பந்து போடறவரு போனப்புறம் அவன் இங்க யாருக்குப் பேசுவான்? உனக்கும் உன் பொண்டாட்டிக்கும் நடுவுலயா? அது வேணா ஒரு வேலைதான்."

யாரோ சிரித்தார்கள். வெர்ன் சிரிக்கவில்லை. ஒரு வண்டியின் பிரேக் கடிக்காமல் போகும்போது மிதிப்பவரின் காலுக்கு முதலில் தெரியும், தலைக்குப் பிறகுதான். மூன்று மாதமாகக் காலுக்குத் தெரிந்திருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் அவர் தலைக்கு வந்து சேர்ந்தது. தான் வாங்கிக் கொடுத்த சுற்றிலேயே தன் குவளையை முடிக்காமல் எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

பாலெட் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"நகாஜோ போனா ரியோவும் போவானா?"

"இப்பதான் கண்டுபிடிச்சியா?"

"உனக்குத் தெரியுமா?"

"மார்லா ஆகஸ்ட்லேருந்து சரியா தூங்கல. எனக்குத் தெரியும், ஸ்டெல்லாவுக்குத் தெரியும், தபால்காரன் ஓட்டிஸுக்குத் தெரியும். உன் பேத்திக்கே பாதி தெரியும். நீதான் ரேடியோல பிஸியா இருந்தே."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ போன்ல பேசும்போது குறுக்க பேசக்கூடாதுன்னு நீதானே சொல்லுவே."

வெர்ன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பாலெட் இரண்டு கிழங்கு சீவும் வரை விட்டுவிட்டு, பிறகு இரக்கப்பட்டாள். "இன்னும் முடியல. நகாஜோ ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்காம். அவர் சம்மதிக்காம வேற ஊருக்கு அனுப்ப முடியாதாம். ரியோ சொன்னான். அவர் மாட்டேன்னு சொல்லிட்டா, இங்கதான்."

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வெர்ன் அடுத்த பத்து நாள் உயிர் வாழ்ந்தார். முப்பது வருடக் கனவைத் தலைகீழாகப் போட்டு மிதித்தார். நல்லவன் ஒருவனும் வந்துவிடக்கூடாது. அணி இப்படியே, இதே ஓட்டைகளோடு, கடைசி இடத்திலேயே கிடக்க வேண்டும். காலையில் நவோமி கஞ்சி சாப்பிடும்போது அவள் தலைக்கு மேலாகச் செய்தித்தாளை விரித்து, வாடெலுக்கு முதுகுவலி என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று தேடினார்.

பிறகு, யாரும் சொல்லாமலே, அவருக்குப் பழக்கமான ஒரே வைத்தியத்தைச் செய்தார். பட் கிராண்டாலுக்குப் போன் போட்டார்.

"ஃபுல்டன் தெரு வெர்ன் பேசறேன், பட்."

"ரேடியோவைக் குறைங்க, வெர்ன். என்ன, வாடெலுக்கு மாலை வாங்கியாச்சா?"

பாலெட் குமிழைத் திருகினாள். வெர்ன் தொண்டையைச் செருமினார். "நகாஜோவை அவசரப்பட்டு விட்டுடக் கூடாதுன்னு நினைக்கறேன். இடது கைக்காரன் கிடைக்கறது கஷ்டம். நாலு வருஷம் நமக்காக உழைச்சவரு. ஒரு மோசமான கோடை யாருக்கும் வரும்."

மறுமுனையில் கப்பல் சங்கு ஊதியது. அதைத் தொடர்ந்து ஜூன் மாத வெர்ன், நவம்பர் மாத வெர்னைவிட இளமையாக, குஷியாக: அவரைப் படகுல ஏத்துங்க, பட். துடுப்புகூட குடுக்க வேணாம்.

"இந்த ஆள் உங்களுக்குத் தெரிஞ்சவரா, வெர்ன்?" என்றார் பட். நகரமே கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் ஃபுல்டன் தெரு வழியாகப் போன குப்பை லாரிக்காரன்கூடக் கண்ணாடியை இறக்கி, "துடுப்பு வேணுமா பெரியவரே?" என்று கேட்டான்.

ரேடியோ கைவிட்டதும் வெர்னுக்கு மிச்சம் இருந்தது நேரில் போய்க் கேட்பதுதான். நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்து முடிந்த மறுதினம், பாலெட் சுட்ட ஆப்ரிகாட் கொலாச்சி ரொட்டி இரண்டு டஜனை ஒரு தகர டப்பாவில் வைத்துக்கொண்டு ரியோவின் காரில் ஏறினார். ஏரிக்கரையில் நகாஜோவின் வீட்டுக்கு இருபது நிமிடம். பாதி வழியில் ரியோ வேகத்தைக் குறைத்தான்.

"மாமா, ஒண்ணு சொல்லிடறேன். நீங்க சொல்றதை நான் வார்த்தைக்கு வார்த்தை அவருக்குச் சொல்லணும். அவர் சொல்றதையும் அப்படியே. மாப்பிள்ளைன்னு சேர்த்துக் குறைச்சு சொல்ல முடியாது."

"தெரியும்ப்பா."

"அதனால யோசிச்சுப் பேசுங்க."

"நான் எப்பவும் யோசிச்சுத்தான்..." என்று ஆரம்பித்து, வெர்ன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நகாஜோ கதவைத் திறந்தார். தொலைக்காட்சியில் தெரிவதைவிட உயரம், முடி காதோரம் நரைத்திருந்தது. கூடத்தில் பெட்டிகள் இருந்தன. ஒட்டு நாடா ஒட்டியவை. வெர்ன் அவற்றைப் பார்த்தார். பார்க்காதது போல டப்பாவை நீட்டினார். நகாஜோ இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்தார். வெர்னும் குனிந்தார். தொப்பி கீழே விழுந்தது.

உட்கார்ந்ததும் வெர்ன் பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னார். கோடையில் தான் பேசியது தவறு. ஆட்டத்தின் வேகத்தில் வந்தது. ஊர் அப்படிப் பேசும், ஆனால் ஊர் கெட்டதில்லை. அடுத்த வருடம் எல்லாம் சரியாகிவிடும். இங்கேயே இருக்க வேண்டும். ரியோ ஒவ்வொரு வாக்கியமாக, முகத்தில் எதுவும் காட்டாமல், அந்தப் பக்கம் நகர்த்தினான். தன் மாமனாரின் மன்னிப்பைத் தானே இன்னொருவரிடம் கேட்டு முடித்தான்.

நகாஜோ ஒரு கொலாச்சியை எடுத்து முழுசாகச் சாப்பிட்டார். விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரியோவைப் பார்க்காமல், வெர்னைப் பார்த்துத் தானே ஆங்கிலத்தில் பேசினார்.

"ஃபுல்டன் தெரு வெர்ன். ரேடியோவைக் குறைங்க."

வெர்ன் ரியோவைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா கார்ல பட் கிராண்டால் கேக்கறேன். அதுதான் எனக்குப் பள்ளிக்கூடம். முதல்ல ரியோவைக் கேப்பேன், ரேடியோல என்ன சொல்றாங்கன்னு. ஊர் உங்களுக்காகக் காத்திருக்குன்னு சொல்லுவான்." அவர் ரியோ பக்கம் லேசாகத் தலையசைத்தார். "நல்ல பையன். அப்புறம் எனக்கே புரிய ஆரம்பிச்சுது."

ரியோ தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வார்த்தைக்கு வார்த்தை சொல்பவன் எங்கே ஒரு வார்த்தையை விழுங்கியிருக்கிறான் என்று வெர்ன் அன்றுதான் அறிந்தார்.

"ஜூலைல நீங்க ஒண்ணு சொன்னீங்க," என்றார் நகாஜோ. "நகாஜோவோட முழங்கை இறங்கிடுச்சு, ரெண்டு அங்குலம், அதான் பந்து நேரா போகுதுன்னு."

"சொன்னேன்."

"சரியா சொன்னீங்க. எங்க கோச் மூணு வாரம் கழிச்சுத்தான் பாத்தாரு. நீங்க கேலரி மேல்தட்டுல உக்காந்து பாத்துட்டீங்க."

வெர்ன் எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அணியின் உள்ளே இருக்கும் ஒருவர், நீ சொன்னது சரி என்று ஒரே ஒரு தடவை தன்னிடம் சொல்லிவிட மாட்டாரா என்று வாழ்நாள் முழுக்க ஏங்கியவர். சொல்லிவிட்டார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியை முழங்காலில் வைத்துத் தடவினார்.

"அப்ப சரி பண்ணிடலாமே. இங்கயே."

"கை சரியாயிடும்." நகாஜோ கொஞ்சம் யோசித்தார். "என் பொண்ணு நாலாங்கிளாஸ். செப்டம்பர்ல ஒரு நாள் ஸ்கூல்ல அவ மேஜைல ஒரு காகிதப் படகு இருந்துதாம். அதுல எங்க பேரு. என் பேருன்னு அவங்க நினைச்சு வெச்சிருக்கலாம். ஆனா அது அவ பேரும்தான்."

ரியோ மெதுவாக, "அவர் மனைவிக்கு..." என்று ஆரம்பித்தான். நகாஜோ கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னிக்குக் காலைல கையெழுத்து போட்டேன். சாயங்காலம் அறிவிப்பாங்க. மன்னிக்கணும், கொலாச்சி ரொம்ப நல்லா இருக்கு."

வெர்ன் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். மூழ்குகிறவனுக்குத் துரும்பு கண்ணில் பட்டுவிட்டது. "உங்களுக்குத்தான் இவ்வளவு நல்லா பேச வருதே. அப்ப ரியோ எதுக்கு?"

"பேசறதுக்கு ரியோ வேணாம்," என்றார் நகாஜோ. "பேசாம இருக்கறதுக்கு வேணும்."

திரும்பி வரும்போது காரில் ரேடியோவை இருவருமே போடவில்லை.

மாலை ஐந்து மணிக்கு அறிவிப்பு வந்தது. வாடெல் வருகிறான். தெருவில் இரண்டு கார்கள் ஒலிப்பான் அடித்தன. ஓட்டிஸ் ஆறு பீர் கொண்ட பெட்டியோடு வெர்ன் வீட்டுப் படிவரை வந்தார்; சமையலறை ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தார்; பெட்டியைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். கிண்டலை நாளைக்கு ஒத்திப்போடுவது ஓட்டிஸ் செய்த பெரிய தர்மங்களில் ஒன்று.

வெர்ன் எட்டு வீடு நடந்தார். மார்லா துணிகளைக் குவியல் குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரியோ வேற வேலை பாக்கலாம்மா. நகாஜோவுக்கு இப்ப பேச வருது. நானே கேட்டேன். கிளப்ல ஏதாவது... இல்லன்னா பணிமனைல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

"பஸ்ஸுக்கு ஜப்பான் மொழில பிரேக் போடறதுக்கா?"

"நீ மட்டும் கொஞ்ச நாள் இங்க இருக்கலாமே. நவோமி ஸ்கூல் சேர்ற வரைக்கும்."

மார்லா கையில் இருந்த சட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்பா, நான் போணும்னுதான் இருக்கேன். எனக்குப் போகப் பிடிச்சிருக்கு. கேக்கறியா?"

"என்னாலயா?"

"உன்னால டிரேட் நடக்கல. பயப்படாதே. கிளப்ல நீ பேசறத ஒரு ஆள்கூட கேக்கல." அவள் குரல் உயரவில்லை. "நான்தான் கேட்டேன். ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும், மூணு பேரும் கார்ல போறப்பல்லாம். பக்கத்துல ரியோ உக்காந்திருப்பான். ரேடியோவை அணைச்சா நான் வெக்கப்படறேன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும்னு, நானும் அணைக்க மாட்டேன். அவனும் அணைக்க மாட்டான். துடுப்பு வேணாம்னு நீ சொல்லுவே. பின்னாடி சீட்ல நவோமி 'தாத்தா, தாத்தா'ன்னு கை தட்டுவா."

வெர்ன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

மார்லா குவியலில் இருந்து நவோமியின் சிவப்புப் பனிக்கோட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "டூசான் வெயில்ல இது வேணாம். நீ எடுத்துட்டுப் போ. நாங்க வரும்போது போட்டுக்குவா."

அடுத்த குளிர்காலத்துக்குள் அந்தக் கோட்டு அவளுக்குச் சின்னதாகிவிடும். இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

டிசம்பர் பத்தாம் தேதி அவர்கள் போனார்கள். நவோமி காரில் ஏறும்போது, "நாங்களும் படகுலயா போறோம்?" என்று கேட்டாள். "இல்லடா, ஏரோப்ளேன்ல" என்றான் ரியோ. இந்தக் கேள்வியைத் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று காதில் வாங்கினார்கள். அதனால்தான் இன்றுவரை சொல்ல முடிகிறது.

ஜனவரியில் வாடெலை மேடையில் ஏற்றி அணிச் சட்டை மாட்டினார்கள். பிப்ரவரியில் பாலெட் இரண்டு வாரத்துக்கு என்று டூசான் கிளம்பினாள். மார்லாவுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது, குழந்தையைப் பார்க்க ஆள் அமையவில்லை. இரண்டு வாரம் நான்காயிற்று. போனில், "இங்க எலுமிச்சை மரம் கொல்லைலயே இருக்கு, வெர்ன்" என்றாள். அவள் குரலில் ஏக்கம் இல்லை, வியப்புதான் இருந்தது. அது இன்னும் மோசம். நீயும் வாயேன் என்றாள். மார்ச்சில் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கிவிடும், அப்புறம் பருவம் தொடங்கிவிடும் என்றார் வெர்ன். "ஆமா, நீ இல்லாம எப்படித் தொடங்குவாங்க" என்றாள் பாலெட்.

வருட அட்டவணை வந்தபோது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். நூற்று அறுபத்திரண்டு ஆட்டம். ஸ்டீமர்ஸும் ஸ்கார்ப்பியன்ஸும் மோதுவது மூன்று. ஆகஸ்டில், போர்ட் கார்வரில், செவ்வாய், புதன், வியாழன். அணியோடு ரியோ வருவான். மார்லாவும் நவோமியும் வருவார்களா என்று அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடும்.

வாடெல் பயிற்சி ஆட்டங்களில் நன்றாகவே அடித்தான். அடித்து என்ன, ஸ்டீமர்ஸ் ஐந்தில் நாலு தோற்றது. ஏழு பந்துவீச்சாளர்களில் ஒருவனும் இடது கைக்காரன் இல்லை; எதிரணியின் இடது கை மட்டையாளர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று விருந்து சாப்பிட்டார்கள். மூன்றாம் தோல்வியிலேயே வெர்னுக்கு அது தெரிந்துவிட்டது. ஓட்டிஸிடம் சொன்னார். ஓட்டிஸ், "நாலு மாசமா வாயைத் திறக்கல, நீ செத்துட்டேன்னு பட் நினைச்சிட்டிருக்கான். போன் பண்ணிச் சொல்லு" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார்.

மார்ச் கடைசியில் ஒரு பகல், வெளியே பனி பாதி உருகிச் சேறாகக் கிடந்தது. கொக்கியில் சிவப்புக் கோட்டு. சமையலறை ரேடியோவில் பட் யாரோ ஒருவனோடு பேச்சை இழுத்துக்கொண்டிருந்தார். வெர்ன் எண்களைச் சுழற்றி, நாற்பது நிமிடம் வரிசையில் காத்திருந்தார்.

"அட, யாரு பாருங்க! ஃபுல்டன் தெரு வெர்ன்! உயிரோடதான் இருக்கீங்களா? நீங்க கேட்ட வாடெல் வந்தாச்சு. சந்தோஷம்தானே?"

"வாடெல் பரவாயில்ல, பட். வாடெல் பிரச்சனை இல்ல. நம்மகிட்ட இடது கைல பந்து போட ஆள் இல்ல."

"ஒத்துக்கறேன். முதல்ல ரேடியோவைக் குறைங்க, இரைச்சலா இருக்கு. யாரைக் கொண்டு வரலாங்கறீங்க?"

வெர்ன் பழக்கத்தில் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. தொலைபேசிக் கம்பி குமிழ் வரை எட்டாது.

"டூசான்ல ஒருத்தர் இருக்காரு," என்றார்.

"யாரு?"

"நகாஜோ. அவரை இங்க கொண்டு வந்துடுங்க, பட்."

பட் சிரிக்கத் தொடங்கினார். சங்கு எங்கே, சங்கைப் போடுங்கள் என்று பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. வெர்ன் காதில் குழலை வைத்தபடி நின்றார். ஏழு வினாடி ஆயிற்று. அடுப்பு மேடை மேலிருந்த ரேடியோவிலிருந்து, வேறு ஆளில்லாத சமையலறைக்குள், ஒரு கிழவரின் குரல் கெஞ்சியது: நகாஜோ. அவரை இங்க கொண்டு வந்துடுங்க, பட்.